பூஞ்சை தின்னாத மரம்

நெய்வேலியில் தோண்டி எடுக்கிறார்களே, அது பூஞ்சைகள் தின்னாமல் விட்ட மரம். காட்டில் ஒரு மரம் சாய்ந்தால், அடுத்த மழைக்குள் அதன் பட்டைக்கடியில் வெள்ளை இழைகள் ஓடத் தொடங்கிவிடும். சில ஆண்டுகளில் கை வைத்தால் உதிரும். பிறகு மண்ணோடு மண். மரத்துக்கு விறைப்பைத் தருகிற லிக்னினை அடியோடு உடைக்கத் தெரிந்த உயிர்கள் உலகில் சொற்பம். அந்தச் சொற்பத்தில் முதலிடம் பூஞ்சைகளுக்கு. ஆனால் அந்த வேலைக்குக் காற்று வேண்டும். சதுப்பில் விழுந்து, சேற்றுக்கும் தண்ணீருக்கும் அடியில் போய்விட்ட மரத்தை அவற்றால் நெருங்க முடியாது. அப்படித் தப்பிய மரமும் இலையும் வேரும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, மேலே மணலும் களியும் ஏறி அழுத்த, லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரி ஆயின. அந்தப் படிவு மயோசீன் காலத்ததா, அதற்கும் முந்திய இயோசீன் காலத்ததா என்பதில் புவியியலாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எப்படியும் கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு அது.

மரத்தைத் தின்ன முடியாமல் போன இடத்திலும் பூஞ்சைகள் தம் தடத்தை விட்டுப் போயிருக்கின்றன. சி.ஜி.கே. ராமானுஜம் 1960களில் தென்னார்க்காட்டு லிக்னைட்டிலிருந்து மகரந்தத் துகள்களைப் பிரித்தெடுத்து வகைப்படுத்தியபோது, இலைமேல் ஒட்டி வாழ்ந்த பூஞ்சைகளின் தட்டு வடிவ வித்துறைகளையும் கண்டு 1963இல் எழுதினார். அவ்வகைப் பூஞ்சைகள் ஈரம் ததும்பும் காட்டில்தான் செழிக்கும். ஆக, இன்று சித்திரை வெயிலில் கானல் பறக்கும் இந்தச் செம்மண் பூமி ஒரு காலத்தில் மழைக்காடாக இருந்தது. விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் அடிமரங்களும் இதே கடலூர் மணற்பாறைத் தொகுதியில் அடைபட்டவைதாம். அங்கே மரத்துக்குள் சிலிக்கா ஏறியது, கல்லானது. இங்கே சதுப்பு மூடியது, கரியானது.

இந்தக் கரியின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு வந்த கறுப்புத் துகள்கள், 1956 நவம்பர் 14 அன்று உருவான சுரங்க நிறுவனம், 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கப் பணி, 1961 ஆகஸ்டில் கண்ணில் பட்ட கரிப்படிவம். காமராஜர் ஆட்சியின் நினைவோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை. தமிழகத்தின் கணிசமான வீடுகளில் விளக்கு எரிந்தது இதனால்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. டவுன்ஷிப்பின் நிழல் சாலைகளையும், மந்தாரக்குப்பத்தின் ஷிப்டு நேரத்து நெரிசலையும், மூன்று தலைமுறைக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட வேலையையும் மறந்துவிட்டு நெய்வேலியைப் பற்றி யாரும் நேர்மையாக எழுத முடியாது.

ஆனால் நெய்வேலி என்றதும் கீழே இருப்பதைப் பற்றியே நாம் பேசிப் பழகிவிட்டோம். கரி எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை டன், கரிக்கடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்றுநீரை எவ்வளவு இறைக்க வேண்டும் என்பவை எல்லாம் கணக்கில் உண்டு. மேலே ஒரு சாண் மண் இருக்கிறதே, அதற்குக் கணக்கு இல்லை. நான் பேச நினைப்பது அந்த ஒரு சாண் பற்றித்தான்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் வரை விரியும் இந்த மேட்டுநிலத்தில் மண் சிவப்பு. இரும்பும் அலுமினியமும் மிகுந்த மண். பயிருக்கு வேண்டிய மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இதில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது, ஆனால் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பற்றிக்கொண்டுவிடுகின்றன. நைட்ரேட்டைப் போல நீரில் கரைந்து வேரைத் தேடி வருகிற சத்தும் அல்ல அது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அதன் பிறகு அங்கே வெறுமைதான். மண் முழுக்கச் சத்து இருந்தும் வேரைச் சுற்றி மட்டும் பஞ்சம். ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை பெறும் கடலூர் மாவட்டத்தை வறண்ட நிலம் என்று சொன்னால் வடநாட்டுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்த பிறகு ஆறு மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும். மண் காயக் காயச் சத்து நகர்வதும் நின்றுபோகும்.

இந்தப் பஞ்சத்தைச் செடிகள் கடந்தது தம் சொந்த வேரால் அல்ல. வேரின் புறணிச் செல்களுக்குள் நுழைந்து வாழும் ஒரு பூஞ்சைக் கூட்டம் இருக்கிறது. வேளாண்மைத் துறை அதை வேர் உட்பூசணம் என்று அச்சடிக்கிறது. உரக்கடையில் வேம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். செல்லுக்குள் போனதும் பூஞ்சை நுணுக்கமாகக் கிளை பிரிந்து ஒரு சிறு மரம் போல விரிகிறது. அங்கேதான் பண்டமாற்று நடக்கிறது. வெளியே, மண்ணுக்குள், ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத இழைகள் பல சென்டிமீட்டர் தூரம் ஓடுகின்றன. வேர்முடி நுழைய முடியாத மண்துளைக்குள் அவை நுழையும். அங்கிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். மாற்றாகச் செடி தான் ஒளியில் சமைத்த மாவுப்பொருளில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை கொடுக்கிறது. வெறும் சர்க்கரை மட்டுமல்ல, கொழுப்பும் போகிறது என்பது 2017இல் தெரியவந்தது. இப்பூஞ்சைகளுக்குக் கொழுப்பமிலத்தை அடிப்படையிலிருந்து தாமே உண்டாக்கும் திறமை இல்லை. செடி இல்லாவிட்டால் பட்டினி. இந்த உறவு புதிதாக ஏற்பட்டதும் அல்ல. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறைக்குள் சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்திய செடியின் தண்டில் இதே கிளைபிரிந்த உருவத்தைக் கண்டிருக்கிறார்கள். அந்தச் செடிக்கு அப்போது வேரே இல்லை. நிலத்தில் வேர் தோன்றுவதற்கு முன்பே இந்த உறவு தோன்றிவிட்டது.

செடி இந்தப் பூஞ்சையை எப்படி அழைக்கிறது என்பதும் அண்மைக் காலத்தில் தெரிந்த செய்திதான். மணிச்சத்து குறையும்போது வேர் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. பூஞ்சை வித்திலிருந்து நீண்ட இழை அதை உணர்ந்ததும் வேரை நோக்கிக் கிளை பிரிகிறது. ஜப்பானில் அக்கியாமாவும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் இதைக் காட்டினார்கள். அந்தப் பொருளின் வகை அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டு முன்பே தெரிந்திருந்தது, ஆனால் வேறொரு காரணத்துக்காக. சோளக்கொல்லையிலும் கரும்பிலும் வேரில் ஒட்டி உயிரை உறிஞ்சும் சுடுமல்லி இருக்கிறதே, அதன் விதையை முளைக்கத் தூண்டுவதும் இதே கசிவுதான். நண்பனைக் கூப்பிடும் குரல் பகைவன் காதிலும் விழுகிறது. ஆனாலும் 40 கோடி ஆண்டாகச் செடிகள் அந்தக் குரலை அடக்கிக்கொள்ளவில்லை. பூஞ்சை இல்லாமல் வாழ்வதைவிடச் சுடுமல்லியின் ஆபத்தோடு வாழ்வது மேல் என்று இருந்திருக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டிய வயலில்தான் வேர் கூப்பிடுவதை நிறுத்திக்கொள்கிறது. தேவை தீர்ந்துவிடுகிறது அல்லவா.

நெய்வேலியைச் சுற்றியுள்ள முந்திரிக்காடுகளும் பண்ருட்டியின் பலாத் தோப்புகளும் இப்பூஞ்சையோடு சேர்ந்தே வளர்பவை. கடற்கரைப் பக்கம் சவுக்கு இன்னும் ஒருபடி மேல். அதன் வேரில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பிராங்கியா முண்டுகளும் உண்டு, பூஞ்சையும் உண்டு. ஆனால் இந்த மேட்டுநிலத்தின் உண்மையான முகம் முந்திரி அல்ல. முந்திரி பிரேசிலிலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளை ஆனது. அதற்கு முன்பு இங்கே இருந்தது புதர்க்காடு: களா, சூரை, காரை, சங்கஞ்செடி, ஆதொண்டை, விடத்தேர், வெள்வேல், ஆவாரை, விராலி. அவற்றுக்கு நடுவே அங்கங்கே காசானும் வீரையும் பாலையும் நின்றன. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு என்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எழுதி வைத்திருப்பது இதைத்தான். இன்று அது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. நெய்வேலிக்கு வடகிழக்கே திருமாணிக்குழியிலும், குழந்தைக்குப்பத்திலும் உள்ள இரண்டு காட்டுத் துண்டுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் செடி செடியாக அளந்து 1997இல் வெளியிட்டார்கள். அய்யனாரும் அம்மனும் காவல் இருந்ததால் பிழைத்த காடுகள் இவ்வகையின.

புதரை நாம் மதிப்பதில்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது தரிசு, ஊர்ப்பேச்சில் முள்ளு. ஆனால் வறண்ட நிலத்தில் காடு தொடங்கும் இடம் ஒரு முட்புதரின் அடி. ஆடு வாய் வைக்காது. இலை உதிர்ந்து மக்கும். பகலில் மண் சூடு சில பாகை குறையும். பறவை அமர்ந்து எச்சமிடும், அதில் காசான் பழத்தின் கொட்டை இருக்கும். இவற்றோடு, அந்தப் புதரின் வேரில் ஏற்கெனவே குடியிருக்கும் பூஞ்சை, முளைவிடும் கன்றின் வேருக்கும் தாவும். வெட்டவெளியில் விழுந்த விதைக்கு அந்த வாய்ப்பு இல்லை. களாப்புதருக்கு நடுவிலிருந்து ஒரு வேம்போ பாலையோ தலை நீட்டுவதை இம்மாவட்டத்தில் சாலையோரம் போகிறவர் எவரும் பார்க்கலாம். மண்ணுக்கடியில் நடந்திருப்பது அதைவிடப் பெரிய காரியம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூஞ்சை இழைகளின் வழியே மரங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன, தாய்மரம் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் கடந்த சில ஆண்டுகளாகப் புத்தகங்களிலும் படங்களிலும் கேட்கிறோம். 1997இல் கனடாவில் சூசன் சிமார்ட் செய்த ஆய்விலிருந்து வளர்ந்த கதை. 2023இல் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹூக்செமா மூவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் புரட்டிப் பார்த்து, அந்தக் கதையின் பெரும்பகுதிக்குக் காட்டில் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம். இந்தப் பூஞ்சையின் மேன்மையைச் சொல்ல அதற்குத் தாய்மை கற்பிக்க வேண்டிய தேவை இல்லை. வேர் எட்டாத மணிச்சத்தைக் கொண்டுவந்து ஒரு கன்றைச் சித்திரை தாண்டச் செய்கிறது என்பதே போதும். தேவையில்லாத அன்பை ஏற்றிச் சொன்னால், உண்மையில் அது செய்கிற வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இப்போது சுரங்கத்துக்கு வருவோம். ஒரு டன் கரி எடுக்க ஏறத்தாழ ஐந்தரைக் கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். 1400 லிட்டர் கொள்ளும் வாளிகள் பூட்டிய ராட்சதச் சக்கரம் மேலிருந்து பெஞ்ச் பெஞ்சாக அறுத்துக்கொண்டே வரும். கன்வேயர் பெல்ட்டில் ஓடிய மண்ணை மறுபுறம் ஸ்பிரெட்டர் இறைத்துக் கொட்டும். அப்படிக் கொட்டும்போது நிலம் தலைகீழாகிறது. ஐம்பது மீட்டருக்கும் கீழே வெளிச்சமே காணாமல் கிடந்த களியும் மணலும் மேலே வந்து வெயிலில் கிடக்கின்றன. மேலே இருந்த அந்த ஒரு சாண், புதரும் முந்திரியும் பல தலைமுறையாகப் பழக்கி வைத்திருந்த அந்தத் தோல், எங்கோ அடியில் கலந்துபோகிறது. பூஞ்சை வித்துகளும் இழைகளும் பெரும்பாலும் வாழ்வது அந்த மேல் சாணில்தான். அதற்குக் கீழே போகப் போக அவை அருகி, பத்து மீட்டர் ஆழத்து மணலில் இல்லாமலே போகின்றன.

மேல்மண்ணை முன்கூட்டியே தனியாகச் சுரண்டி எடுத்து ஒரு மேடாகக் குவித்து வைப்பது சுரங்கத் தொழிலில் நெறிமுறையாக வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் குவியலாகக் கிடக்கும் மண்ணில் வேர் இல்லை. வேர் இல்லாவிட்டால் இப்பூஞ்சைக்கு உணவில்லை. குவியலின் உள்வயிற்றில் காற்றும் குறைவு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாஸ்பர், அபட், ராப்சன் ஆகியோர் 1980களில் செய்த சோதனைகள், மண்ணைக் கலைத்தாலே வெளி இழைகள் வேரைப் பற்றும் ஆற்றலை இழப்பதைக் காட்டின. அதே மாநிலத்துப் பாக்சைட் சுரங்கங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியது. புதிதாகத் திறக்கும் குழியின் மேல்மண்ணைக் குவிக்காமல், வேலை முடிந்த குழியின்மேல் நேராகக் கொண்டுபோய்ப் பரப்பிவிடுவார்கள். விதையும் பூஞ்சையும் உயிரோடு இடம் மாறும்.

நம்மூரிலும் இதைப் பார்த்தவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஏ. மகாதேவன் வேர்ப்பூஞ்சை ஆய்வை ஒரு மரபாகவே வளர்த்தெடுத்தார். வேர்ப்பூஞ்சைக்கென ஆசியாவில் நடந்த முதல் மாநாடு 1988 ஜனவரி 29 முதல் 31 வரை சென்னையில்தான் கூடியது. மகாதேவனும் அவருடைய குழுவினர் கணேசன், ரகுபதி, பார்த்திபன், ரஜினி ராணி ஆகியோரும் நிலக்கரி, லிக்னைட், கால்சைட் சுரங்கங்களின் கழிவு மேடுகளில் இறங்கி, அங்கே தாமாக முளைத்த செடிகளின் வேர்களையும் மண்ணையும் எடுத்துப் பார்த்தார்கள். 1991இல் அந்த ஆய்வு வெளியானது. கழிவு மேட்டிலும் பூஞ்சை இருந்தது. வேர்களுக்குள்ளும் இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆறுதல். உயிர் மறுபடியும் ஏறி வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் எழும்: எந்த வேகத்தில்?

நாய்க்குடையின் வித்து காற்றில் ஊர் ஊராகப் பறக்கும். இந்தப் பூஞ்சையின் வித்து அப்படியல்ல. நுண்ணுயிர் உலகில் அது பருத்தது, சில வகைகள் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். மண்ணுக்குள்ளேயே உண்டாகி மண்ணுக்குள்ளேயே கிடக்கும். எறும்பும் கறையானும் எலியும் மழைநீரும் சுமந்தால்தான் நகரும். நூற்றுக்கணக்கான ஏக்கர் கழிவு மேட்டின் நடுவுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் புது மேட்டில் முதலில் குடியேறும் செடிகளில் கோரையும், கீரைக் குடும்பத்துச் சிறுபூளையும் நாயுருவியும் தென்படுகின்றன. பூஞ்சையின் துணையைப் பெரும்பாலும் எதிர்பாராமல் பிழைக்கும் குடும்பங்கள் அவை. கொழிஞ்சி வந்தால் நிலைமை மாறத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதன் வேரில் தழைச்சத்து முண்டும் பூஞ்சையும் சேர்ந்தே இருக்கும். பூஞ்சை வந்த பிறகு மண்ணும் மாறும். தளர்ந்த மணலை இழைகள் கட்டிப் போடும். மழை அடித்தாலும் கரையாத சிறு உருண்டைகளாக மண் சேரும்.

மரம் நடுவதைப் பற்றி நாம் பேசும்போது எண்ணிக்கை மட்டுமே முன்னே வருகிறது. எத்தனை லட்சம் கன்று, எத்தனை ஹெக்டேர். கறுப்புப் பாலித்தீன் பையில் உரம் போட்டு வளர்த்த கன்றைக் கழிவு மேட்டில் குழியெடுத்து வைத்து, டேங்கர் லாரியில் தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். தைலமரமும் சவுக்கும் நன்றாகவே நிற்கும். பசுமை வந்துவிட்டது என்று படமெடுக்கலாம். தண்ணீரை நிறுத்திய பிறகு, உரத்தை நிறுத்திய பிறகு, அந்த மரத்தின் அடியில் தானாக ஒரு களா முளைக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. பிறகு என்ன நடந்தது என்பதற்கு ஏக்கர் கணக்கு விடை சொல்லாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது இம்மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்த அழிவைப் பார்த்தவர்களுக்கு இன்றும் நெஞ்சு பதறும். தாத்தா வைத்த பலா ஒரே இரவில் போனது. ஆனால் மண் போகவில்லை. சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்திய தோப்பில், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்றுகளை வைத்தார்கள். அக்கன்றுகளின் வேர் இறங்கிய மண், பழைய மரங்களோடு அரை நூற்றாண்டு பழகிய மண். இன்று அங்கே மறுபடியும் முந்திரிக்கொட்டை பொறுக்குகிறார்கள். புயலையும் சுரங்கத்தையும் ஒப்பிட்டு எது பெரிய இழப்பு என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மரம் போன நிலமும் மண் போன நிலமும் ஒன்றல்ல. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் நெல்வயலுக்குள் சுரங்க நிறுவனத்தின் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியபோது அந்த ஊர்ப் பெண்கள் ஏன் அப்படி அழுதார்கள் என்பது இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மட்டும் பேசினால் புரியாது. ஒரு போகத்து நெல்லுக்கு விலை சொல்ல முடியும். பாட்டன் காலத்திலிருந்து எருவும் தழையும் இட்டுப் பழக்கிய மண்ணுக்கு விலைப்பட்டியல் எங்கே இருக்கிறது?

சரி, ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையைப் பெருக்கிக் கழிவு மேட்டில் தூவிவிடலாமே என்று தோன்றும். இங்கே நெய்வேலிக்கே உரிய ஒரு செய்தி இருக்கிறது. உழவர்கள் வாங்கும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் பாக்கெட்டுகளைப் பிரித்தால் கறுப்புத் தூள் கொட்டும். தமிழ்நாட்டில் அந்தத் தூள் பெரும்பாலும் லிக்னைட். கந்தசாமியும் பிரசாத்தும் 1971இல் கரண்ட் சயன்ஸ் இதழில், ரைசோபியத்தைச் சுமக்க லிக்னைட் ஏற்றது என்று எழுதினார்கள். 200 கிராம் பாக்கெட்டில் அது நம் கடலை வயல்களுக்கும் உளுந்து வயல்களுக்கும் போனது. கோடி ஆண்டு முன்பு பூஞ்சையும் பாக்டீரியாவும் தீண்ட முடியாமல் போன மரம், பொடியாகி, உயிருள்ள பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குத் திரும்பியது. கொதிகலனில் எரிந்த கரியை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இது இம்மியளவு. இருந்தும் லிக்னைட் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வேர் உட்பூசணத்தை இப்படி எளிதாகப் பெருக்க முடியாது. பாக்டீரியாவை இரும்புத் தொட்டியில் சத்துநீர் ஊற்றி வளர்க்கலாம். இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள வேர் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக முறையில், வெர்மிகுலைட் நிரப்பிய தொட்டியில் மக்காச்சோளம் விதைத்து, அதன் வேரில் பூஞ்சையை ஏற்றி, இரண்டு மாதம் கழித்து வேரையும் வெர்மிகுலைட்டையும் சேர்த்து நறுக்கித்தான் பாக்கெட் கட்டுகிறார்கள். நாற்றங்கால் பையில் சிறிது இட்டால் கன்று தெளிவாக வளரும். நாக்பூரின் நீரி நிறுவனம் கும்கான் மாங்கனீசுச் சுரங்கத்தின் கழிவு மேட்டில் சர்க்கரை ஆலைக் கழிவான பிரஸ்மட்டையும் பூஞ்சையையும் தழைச்சத்து பாக்டீரியாவையும் சேர்த்து இட்டு மரம் வளர்த்துக் காட்டியிருக்கிறது. நெய்வேலிக்கு அருகே நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. பிரஸ்மட்டுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் எந்தப் பூஞ்சை என்பது முக்கியம். கடையில் கிடைப்பது ஒன்றிரண்டு இனம், எங்கும் வளரக்கூடியது. திருமாணிக்குழிக் காட்டின் மண்ணில் இருப்பது அதன் வெயிலுக்கும் அதன் இரும்புக்கும் அதன் ஆறு மாத வறட்சிக்கும் பழகிய கூட்டம். ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில், நம் மேட்டுநிலத்தைப் போலவே புதர் மண்டிப் பின் சிதைந்த நிலத்தில், ரெக்கேனாவும் அவருடைய குழுவும் ஐந்தாண்டு நடத்திய சோதனை 2001இல் வெளியானது. அந்த நிலத்துப் பயறுவகைப் புதர் ஒன்றை அந்த நிலத்துப் பூஞ்சைகளோடே நட்டபோது, செடி பிழைத்ததோடு மண்ணின் தழைச்சத்தும் மக்குப்பொருளும் உருண்டை கட்டும் தன்மையும் கூடின. புதரை முதலில் வைத்தார்கள், மரத்தை அல்ல. அங்கே பயறுவகைப் புதர் செய்த வேலையை இங்கே கொழிஞ்சியும் ஆவாரையும் விடத்தேரும் செய்யும் என்று நான் நம்புகிறேன். விதைக்குப் பணம் வேண்டாம். பொங்கலுக்குக் காப்புக்கட்ட ஆவாரையை ஒடித்துவரும் பிள்ளைகளிடம் சொன்னால் கோணிக்கணக்கில் சேர்த்துத் தருவார்கள்.

கோயில் காட்டு மண்ணை லாரியில் அள்ளிவந்து மேட்டில் கொட்டலாம் என்று எவரும் கிளம்பிவிடக் கூடாது. அது இருக்கிற காட்டையும் அழிப்பது. காட்டின் ஓரத்திலிருந்து ஒரு கூடை மண் போதும். அதில் சோளம் விதைத்துத் தொட்டியில் பெருக்கிக்கொள்ளலாம். அதைவிட நல்ல ஊற்று சுரங்கத்தின் வழியிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு வெட்டவிருக்கும் முந்திரித் தோப்பும் புதர்க்கரையும்தான் அது. வைகாசி ஆனியில் மண் உலர்ந்திருக்கும்போது மேல் ஒரு சாணை மட்டும் சுரண்டி, அதே வாரம், முடிந்த மேட்டின்மேல் பரப்பி, ஆடியில் கொழிஞ்சி விதைத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். களாவும் காரையும் அடுத்த ஆண்டு. காசானும் வீரையும் அவற்றின் நிழலில் அதற்கும் பிறகு. ராட்சதச் சக்கரம் வேண்டாம், சாதாரண டோசரும் டிப்பரும் போதும் இதற்கு. வேண்டியது, மேல்மண்ணை மண் என்று கணக்கில் எழுதாமல் உயிர் என்று எழுதும் ஒரு உத்தரவு.

பூஞ்சை குடியேறியதா என்று சோதிப்பதும் கடினமல்ல. மேட்டில் முளைத்த செடியின் இளவேரைக் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி நிறம் நீக்கி, டிரைபான் புளூ சாயத்தில் ஊறவைத்தால் வேர் வெளிறியும் பூஞ்சை நீலமாகவும் தெரியும். 1970இல் பிலிப்சும் ஹேமனும் வகுத்த முறை, இன்றும் அதுதான். விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் இருக்கும் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள் ஒரு நுண்ணோக்கியும் கொஞ்சம் சாயமும் வைத்துக்கொண்டு, கார்த்திகை மழை விட்டதும் ஆண்டுதோறும் இதைச் செய்யலாம். மேட்டுக்கு மேடு, நூறு வேர்த்துண்டுகளில் எத்தனை நீலம் என்று எழுதி, நட்ட மரங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அதே பலகையில் போடட்டும்.